பார்த்துப் பழகும் குத்து

குன்னூருக்கு மேலே, பழைய தேயிலை ஃபேக்டரி ஒன்றின் ஷெட்டில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறேன். போன மழைக்காலத்தில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் ஒரு மாதம் முழுக்க செல்போனில் முகமது அலியின் சண்டைகளாகப் பார்த்துத் தள்ளிவிட்டு வந்தாள். துள்ளல், தலையைப் பின்னால் சாய்ப்பது, இடது கையைத் தொடைப்பக்கம் தொங்கவிடுவது, எல்லாம் அச்சு அசல். அப்படியே பேக்கில், அதாவது குத்திப் பழகத் தொங்கவிட்டிருக்கும் மூட்டையில், வலது கையால் நேராக ஒரு குத்து விட்டாள். பேக் லேசாகச் சிணுங்கியது, அவ்வளவுதான்.

“சார், அவர் மாதிரியேதான் அடிக்கிறேன். பேக் அசையவே மாட்டேங்குது.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் அவள் சரியாகத்தான் எடுத்திருந்தாள். குத்து உருவாகிற இடம்தான் அவள் கண்ணில் படவில்லை.

குத்து தரையில் தொடங்குகிறது. பின்காலின் முன்பாதம் தரையை உந்துகிறது, அந்த உந்துதல் இடுப்பைத் திருப்புகிறது, இடுப்பு தோளை இழுக்கிறது, தோள் கையை வீசுகிறது. கடைசியில் வந்து சேர்வதுதான் முஷ்டி. 1985-இல் வெளியான ஒரு சோவியத் ஆய்வில் 120 வீரர்களின் நேர்க்குத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். தேர்ந்த வீரர்களின் குத்து விசையில் கால் உந்தலின் பங்கு 38 விழுக்காட்டுக்குச் சற்று மேல், கையின் பங்கு 24 விழுக்காடு. கீழ்நிலை வீரர்களிடம் கணக்கு தலைகீழ்: கால் 17 விழுக்காடுகூட இல்லை, கை மட்டும் 38. அந்தப் பெண்ணின் பின்குதிகால் தரையோடு ஒட்டிக்கிடந்தது. கையால் மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று, திரையில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. வேகமாக அடிப்பவரின் தசைகள் இரண்டு முறை இறுகுகின்றன. குத்து கிளம்பும்போது ஒருமுறை, இலக்கைத் தொடும் கணத்தில் மறுமுறை. நடுவில் தளர்ந்துவிடுகின்றன. அந்தத் தளர்வுதான் வேகத்தைத் தருகிறது. புதிதாக வருகிற பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை இறுக்கமாக இருக்கும். தசை தளர்வதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது?

அப்படியானால் பெரிய வீரர்களைப் பார்ப்பதால் பயனில்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் மூளை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளை ஆராய்ந்த ரிசோலாட்டியும் அவருடைய குழுவும் ஒரு விசித்திரமான நரம்பணுக்களைக் கண்டார்கள். குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போது துடிக்கிற அதே அணுக்கள், வேறொருவர் எடுப்பதைக் குரங்கு பார்க்கும்போதும் துடித்தன. இவற்றுக்குக் கண்ணாடி நரம்பணுக்கள் என்று பெயர் வந்தது. இதை வைத்துக்கொண்டு, பார்த்தாலே மூளை பழகிவிடும் என்று பலர் பேசுகிறார்கள். அது அவசர முடிவு என்பது என் எண்ணம்.

அதற்குக் காரணம் 2006-இல் வெளியான, பாலே நடனக்காரர்களைப் பற்றிய லண்டன் ஆய்வு ஒன்று. பாலேயில் ஆண்களுக்கென்று சில அசைவுகள், பெண்களுக்கென்று சில அசைவுகள் உண்டு. இரு தரப்பும் ஒன்றாகப் பயிற்சி எடுப்பதால், எதிர்த்தரப்பின் அசைவை ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள், ஆனால் செய்திருக்க மாட்டார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இரண்டு வகையையும் காட்டியபோது, தாங்களே செய்து பழகிய அசைவைப் பார்த்தபோதுதான் மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. கண்ணுக்குப் பழகியது மட்டும் போதவில்லை.

2008-இல் இத்தாலியில் கூடைப்பந்தை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் நின்று கூடையை நோக்கிப் பந்தெறியும் வீடியோவைப் பாதியில் நிறுத்தி, பந்து கூடைக்குள் விழுமா என்று கேட்டார்கள். ஆடுகிறவர்கள், பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே உடலைப் பார்த்துச் சரியாகச் சொன்னார்கள். பயிற்சியாளர்களும் விளையாட்டு நிருபர்களும் பந்து பறக்கிற திசையைப் பார்த்த பிறகே தேறினார்கள். ஆயுள் முழுக்க ஆட்டத்தைப் பார்த்தவர்கள்தான் அவர்களும்!

பாக்ஸிங்கில் இந்த முன்கூட்டியே அறிவதுதான் உயிர். கண்ணில் பட்டு உடல் அசைய ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. முன்கையால் சட்டென்று விடும் நேர்க்குத்தை ஜாப் என்போம். நல்ல ஜாப் அதற்குள் முகத்தில் இருக்கும். ஆகவே முஷ்டியைப் பார்த்து விலகவே முடியாது. தோள் சிறிதாக அமிழ்வதையோ முழங்கால் திரும்புவதையோ படிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் பார்வையை எதிராளியின் தலை, நெஞ்சுப் பக்கம் நிறுத்திவிட்டு, மற்றதை ஓரக்கண்ணால் பிடிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேயிலைத் தோட்டத்தையே காட்டுவேன். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கொழுந்து கிள்ளுவதை எந்த அம்மாவும் பாடமாக நடத்துவதில்லை. மகள் பக்கத்தில் நிற்கிறாள், பார்க்கிறாள், நாலு கொழுந்து கிள்ளுகிறாள், மறுபடி அம்மாவின் விரலைப் பார்க்கிறாள். இரண்டாவது முறை பார்க்கும்போது, முதல் முறை தெரியாத ஒன்று தெரிகிறது. கொழுந்து நகத்தால் அறுபடவில்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒடிகிறது. தானே கிள்ளித் தடுமாறிய விரலுக்குத்தான் அந்த வித்தியாசம் புரியும்.

செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு ஆபத்தும் உண்டு. 2018-இல் சிகாகோ ஆய்வாளர்கள், வட்டப் பலகையில் கையால் சிறு அம்பெறியும் டார்ட் விளையாட்டு வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு 20 தடவையும் காட்டினார்கள். 20 தடவை பார்த்தவர்களுக்கு நம்பிக்கை எகிறியது, எறிந்தபோது புள்ளி மட்டும் கூடவில்லை. அதே ஆய்வின் இன்னொரு சோதனையில், வித்தைக்காரர்கள் கட்டைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வீடியோவைப் பார்த்த பிறகு அந்தக் கட்டைகளைக் கையில் வெறுமனே பிடித்துப் பார்த்தவர்களுக்கோ, அந்த மிதப்பு இறங்கியது. அதனால் எங்கள் ஷெட்டில் வீடியோ இரண்டு நிமிடம், உடனே பேக்கில் ஒரு ரவுண்டு, அப்புறம் மறுபடி அதே இரண்டு நிமிடம்.

பக்கம் மாறுகிற பிரச்சினையும் இருக்கிறது. இடது காலை முன்வைத்து நிற்கும் வீரர் திரையில் நம்மைப் பார்த்து நின்றால், பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலது காலை முன்வைத்துவிடுகிறார்கள். முதுகுப்பக்கம் இருந்து எடுத்த காட்சியைத் தேடிப் பார்ப்பது நல்லது. கிடைக்காவிட்டால் வீடியோவை இடவலம் திருப்பிக்கொள்ளலாம். சாம்பியன்களை மட்டும் பார்ப்பதும் போதாது. தேர்ந்தவரையும் தடுமாறுபவரையும் கலந்து பார்ப்பவர்கள் பிழையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இங்கே ஒருவர் அடிக்க, இன்னொருவர் அவர் குதிகாலை மட்டும் பார்ப்பார்.

மலையில் இருப்பதால் ஒரு கூடுதல் கணக்கு. 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியிலிருந்து புதிதாக வந்தவருக்கு இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கும், முகத்தைக் காக்கத் தூக்கிவைத்திருக்கும் கைகள் இறங்கும். அலி கையைத் தொங்கவிட்டதற்குக் காரணம் அவருடைய கால் வேகம், தூரக் கணிப்பு. களைப்பில் இறங்கும் கை அப்படிப்பட்டதல்ல.

கை இறங்குவதை ஒருவர் பார்த்ததால் என்ன ஆனது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அதுவரை தோற்றறியாத அமெரிக்க வீரர் ஜோ லூயிஸோடு மோதவிருந்த ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங், லூயிஸின் சண்டைப் படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஜாப் விட்ட பிறகு லூயிஸின் இடது கை திரும்பி வரும்போது சற்றுத் தாழ்கிறது, அவ்வளவுதான் அவர் கண்டது. 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் அந்த இடைவெளிக்குள் தன் வலது கையைச் செலுத்திக்கொண்டே இருந்தார். 12-ஆவது ரவுண்டில் லூயிஸ் விழுந்தார். 1938-இல் மறுபடி மோதியபோது லூயிஸ் முதல் ரவுண்டிலேயே, 124 நொடியில், கணக்கைத் தீர்த்தார் என்பது வேறு கதை.

அந்த 1936 சண்டையைத்தான் அன்று அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினேன். லூயிஸின் இடது கையை மட்டும் பார் என்றேன். ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள். எழுந்துபோய் ஜன்னல் கண்ணாடி முன் நின்று மெதுவாக ஜாப் விட்டாள், இன்னொன்று விட்டாள்.

“சார், எனக்கும் இறங்குது.”

இப்போது அவள் இடது கிளவுஸில் சாக்பீஸ் தூள் தடவிவிடுகிறேன். ஒவ்வொரு ஜாப்புக்குப் பிறகும் கை கன்னத்துக்குத் திரும்பினால் கன்னத்தில் வெள்ளை இருக்கும். நேற்று முதல் ரவுண்டு முடிந்தபோது தூள் முழுக்கத் தோளில்தான் இருந்தது. மூன்றாவது முடிந்தபோது தாடைவரை ஏறியிருந்தது.