தக்காளி நாற்றுக்கு வந்தது நோய் இல்லை, குளிர்

வசந்தத்தில் தொடர்ந்து நாலு நாள் வெயில் அடித்தால் போதும், என் போனுக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கருத்துத் தொங்கும் தக்காளி இலை, ஊதா ஏறிய தண்டு, வெளிறிய மிளகாய் நாற்று. கூடவே ஒரே கேள்வி: "இது என்ன நோய்? என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்து எதுவும் வேண்டாம். செடிக்குக் குளிர் தாங்கவில்லை, அவ்வளவுதான். கடைசியாகக் கேட்டவர் அதற்குள் பூஞ்சைக்கொல்லி அடித்து, உரமும் போட்டுவிட்டிருந்தார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். குளிர்காலத்தில் உறைபனி விழும் ஊர்களில் தோட்டம் போடுகிறவர்களுக்கு இது.

எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "கடைசி உறைபனி நாள் தாண்டித்தானே நட்டேன்!"

வசந்தத்தில் கடைசியாக உறைபனி விழும் நாள் என்று ஊர்வாரி அட்டவணைகள் தரும் அந்தத் தேதி ஒரு சராசரி. உங்கள் ஊருக்கு அது ஏப்ரல் 20 என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு உறைபனி வராது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பழைய பதிவுகளில் ஏறக்குறைய பாதி வருடங்களில் ஏப்ரல் 20-க்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதாவது 21-ஆம் தேதி தக்காளி நடுகிறவர் காசு சுண்டிப் பார்க்கிறார். சில அட்டவணைகள், அதற்குப் பிறகு உறைபனி விழ 10 சதவீத வாய்ப்பே உள்ள நாளைத் தருகின்றன. அது பல நாள் தள்ளியே வரும். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் தேதியை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். இன்னொன்று: வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் அது 2 அல்லது 3 டிகிரி காட்டும்போதே தரையை ஒட்டிய இலையில் பனி உறைந்திருக்கலாம். "செய்தியில் 3 டிகிரி என்றுதானே சொன்னார்கள்" என்று என்னிடம் சண்டைக்கு வருவதில் பயன் இல்லை.

உறைபனியே விழாவிட்டாலும் தக்காளி தப்பித்தது என்று சொல்ல முடியாது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் அது வளராமல் அப்படியே நிற்கும். அந்த ஊதா நிறமும் பெரும்பாலும் இதனால்தான். மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருக்கும், குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியாது. உரம் போட்டு என்ன ஆகப்போகிறது? மண் சூடேறட்டும், புது இலை பச்சையாக வரும். இரண்டு வாரம் பொறுத்து நட்ட செடி, அவசரப்பட்டு நட்டதை எட்டிப் பிடிப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஆகவே நாட்காட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மண் வெப்பமானி வாங்குங்கள். காலையில், 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில், தொடர்ந்து நாலைந்து நாள் பாருங்கள். மதிய அளவு உங்களை ஏமாற்றும். தக்காளிக்கு 15 டிகிரியாவது நிலையாக வேண்டும். மிளகாய், கத்தரிக்கு 18. பீன்ஸ் விதையை 16-க்குக் கீழே போடவே வேண்டாம். ஊறும்போது உறிஞ்சும் முதல் தண்ணீர் சில்லென்று இருந்தால் விதைக்குள்ளேயே சேதம் தொடங்கிவிடும், மிச்சத்தை அழுகல் பார்த்துக்கொள்ளும். வெள்ளரி, பூசணி, வெண்டை மூன்றும் 20-ஐத் தொட்ட பிறகு. வெண்டைக்குப் பொறுமை காட்டியவர் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

தக்காளிக்கு அவசரப்படும் இதே ஆட்கள் பட்டாணிக்குச் சோம்பல்படுவதுதான் வேடிக்கை. பட்டாணி, பசலைக்கீரை, லெட்டூஸ் ஆகியவை மண் 5 டிகிரி இருந்தாலே மெதுவாக முளைக்கும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட்டுக்கு இன்னும் கொஞ்சம் சூடு இருந்தால் நல்லது. கடைசி உறைபனிக்கு நாலு வாரம், ஆறு வாரம் முன்பே விதைக்க வேண்டியவை இவை. தக்காளியோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நட்டால், பகல் நீண்டு வெயில் ஏறியதும் கீரை பூவெடுத்துக் கசக்கும், பட்டாணிப் பூ உதிரும். இவற்றை விதைக்கும் முன் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசையுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், கொத்தாதீர்கள். உதிர்ந்தால் விதைக்கலாம்.

வீட்டுக்குள் வளர்த்த நாற்றை நேரே தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், தயவுசெய்து. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும், 7 முதல் 10 நாள். இல்லையென்றால் இலை வெள்ளையாக வெந்துபோகும். அந்தப் படமும் எனக்குத்தான் வரும்.

நட்ட பிறகு குளிர் இரவு வந்தால் மாலையிலேயே மூடுங்கள். துணி, அல்லது இதற்கென்றே விற்கும் மெல்லிய விரிப்பு. பிளாஸ்டிக் என்றால் குச்சி ஊன்றி அதன் மேல் போடுங்கள். பிளாஸ்டிக் தொடும் இலைதான் முதலில் கருகும். மூடியின் ஓரம் தரை வரை இறங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் காப்பாற்றுவது மண்ணின் சூடுதான். செடியை மட்டும் பொட்டலம் கட்டுவதில் பலன் இல்லை. வெயில் வந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள், முக்கியமாகப் பிளாஸ்டிக்கை. பனிக்குத் தப்பிய நாற்றை மதியத்துக்குள் அவித்து எடுத்தவர்களும் உண்டு.