அளக்காமல் எழுதிய மீத்தேன் கணக்கு

தெருக்களைப் படம் பிடிக்க கூகுள் அனுப்பும் கார் ஒன்றில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் கண்டறியும் கருவியைப் பொருத்தி, அமெரிக்காவில் ஆறு உர ஆலைகளின் அருகே ஓட்டிப் பார்த்தார்கள் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஆலைக்குள் அவர்கள் போகவில்லை. காற்று ஆலையைத் தாண்டி எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்துப் பொதுச் சாலையில் திரும்பத் திரும்பப் போய் வந்தார்கள். சாதாரணக் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுக்கு ஏறக்குறைய இரண்டு மீத்தேன் இருக்கும். ஆலையிலிருந்து வரும் காற்றோட்டத்தைக் கார் குறுக்கே கடக்கும்போது அந்த எண் ஏறி, கடந்ததும் இறங்கும். ஏற்றம் எவ்வளவு, காற்றின் வேகம் எவ்வளவு, ஆலை எவ்வளவு தூரம் என்று தெரிந்தால், மணிக்கு எத்தனை கிலோ கசிகிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

முடிவு 2019-ல் வெளியானது. ஆறு ஆலைகளில் கண்டதை வைத்து நாட்டின் அம்மோனியா உரத் தொழில் முழுவதற்கும் மதிப்பிட்டால் ஆண்டுக்கு 28,000 டன் மீத்தேன். ஆலைகள் தாமாக அரசுக்குச் சொல்லியிருந்த அளவு சுமார் 200 டன். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த நாட்டின் எல்லாத் தொழில் செயல்முறைகளுக்கும் சேர்த்து அரசின் மதிப்பீடே சுமார் 8,000 டன்தான்!

உர ஆலைக்கும் மீத்தேனுக்கும் என்ன சம்பந்தம்? இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன்தான். அதை நீராவியோடு சேர்த்து உடைத்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அந்த ஹைட்ரஜன் காற்றின் நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியா ஆகிறது, அம்மோனியாவிலிருந்து யூரியா. ஆலைக்கு மூலப்பொருளும் எரிவாயு, எரிபொருளும் எரிவாயு. குழாய் மூட்டில் கசிவது, வினையில் தப்புவது, சரியாக எரியாமல் புகைபோக்கி வழியே போவது எல்லாம் சேர்ந்து, பயன்படுத்தும் வாயுவில் 0.34 சதவீதம் வெளியேறியது என்பது ஆய்வின் கணிப்பு. சின்ன விகிதம்தான். ஆனால் அம்மோனியா ஆலை எரிவாயுவை விழுங்கும் வேகத்துக்கு அது சின்ன அளவு இல்லை.

சரி, இவ்வளவு பெரிய ஓட்டை கணக்கில் எப்படி வந்தது? நாடுகள் தரும் தொழில்துறை மீத்தேன் எண்கள் பெரும்பாலும் அளந்து எழுதியவை அல்ல, பெருக்கி எழுதியவை. எத்தனை டன் உற்பத்தி என்று எடுத்துக்கொண்டு, ஒரு டன்னுக்கு இவ்வளவு வாயு என்ற காரணியால் பெருக்குகிறார்கள். பருவநிலை மாற்றத்துக்கான நாடுகளுக்கிடையிலான குழு 2006-ல் தந்த வழிகாட்டி நூலில் இந்தக் காரணிகள் இருக்கின்றன. மெத்தனால் ஒரு டன்னுக்கு 2.3 கிலோ மீத்தேன். பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீனை, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தாவிலிருந்து எடுத்தால் டன்னுக்கு 3 கிலோ, எரிவாயுவோடு கிடைக்கும் ஈத்தேனிலிருந்து எடுத்தால் 6 கிலோ. ஆக, நாப்தாவை நம்பியிருக்கும் ஜப்பானும், ஷேல் பாறையிலிருந்து எடுக்கும் எரிவாயுவோடு வரும் ஈத்தேனைப் பயன்படுத்தும் அமெரிக்காவும் ஒரே அளவு எத்திலீன் தயாரித்தாலும் தாளில் அமெரிக்காவின் மீத்தேன் ஜப்பானுடையதைப் போல இருமடங்கு.

எனக்கு மிகவும் உறைத்த உதாரணம் கார்பன் பிளாக், அதாவது டயருக்குக் கருநிறமும் உறுதியும் தரும் கரித்தூள். அதைத் தயாரிக்கும்போது மிஞ்சும் வாயுவை எரித்துவிட்டால் டன்னுக்கு 0.06 கிலோ மீத்தேன். எரிக்காமல் அப்படியே விட்டால் 28.7 கிலோ. கிட்டத்தட்ட 480 மடங்கு! ஒரு நாட்டின் அட்டவணையில் எந்த எண்ணைப் போட்டார்கள் என்பது தெரியாமல் இன்னொரு நாட்டோடு அதை ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்?

பெயரும் குழப்புகிறது. 'தொழில் செயல்முறை' என்ற தலைப்பில் வேதிவினையிலும் உலோக உற்பத்தியிலும் வெளிவருவது மட்டுமே சேரும். சுரங்கமும் எரிவாயுக் குழாயும் எரிசக்திக் கணக்கில் போகும், ஆலைக் கழிவுநீரில் ஊறிவரும் மீத்தேன் கழிவுக் கணக்கில் போகும். ஒரே வளாகத்தின் வாயு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும். அதனால்தான் பெரிய தொழில் நாடுகளுக்கும் இந்தத் தலைப்பில் எண்கள் இத்தனை சிறியவையாக இருக்கின்றன.

அப்புறம், காலவரிசை. மீத்தேன் பூமியைச் சூடாக்குவதைக் கார்பன் டைஆக்சைடுக்குச் சமமாக மாற்றிச் சொல்லும்போது முன்பு 21-ஆல் பெருக்கினார்கள், பிறகு 25, இப்போது 28. ஆயிரம் டன் மீத்தேன், ஒரு கிலோகூடக் கூடாமல், 21,000-லிருந்து 28,000 ஆகிவிடும். இது நூறு ஆண்டில் எவ்வளவு சூடாக்கும் என்ற கணக்கு. மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுதான் என்பதால், இருபது ஆண்டு என்று பார்த்தால் பெருக்கம் 80-ஐத் தாண்டும். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைப்பவர்கள் மாற்றாமல் மீத்தேன் டன் கணக்கில் பார்ப்பதே நல்லது.

வளர்ந்த நாடுகள் பொதுவாக 1990 முதல் ஆண்டுதோறும் கணக்குத் தருகின்றன. முறையைத் திருத்தினால் பின்னோக்கி எல்லா ஆண்டுகளையும் மறுபடி கணக்கிட வேண்டும் என்பது விதி. இந்தியா ஐ.நா.வுக்குத் தந்த முதல் கணக்கு 1994-க்கானது, அடுத்தது 2000, அதற்கடுத்தது 2010. சீனா 1994-க்குப் பிறகு 2005. ஆனால் இணையத்தில் நாம் பார்க்கும் வரைபடங்களில் எல்லா நாட்டுக்கும் 1970 முதல் இடைவெளியில்லாத கோடு ஓடும். ஐரோப்பிய ஆணையத்தின் எட்கர் தரவுத்தளம் உற்பத்திப் புள்ளிவிவரத்தை எடுத்து அதே பெருக்கலால் நிரப்பிய கோடு அது. உழைத்துச் செய்த வேலை, எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் என்ற பெரிய பலனும் உண்டு. ஆனால் அந்தக் கோடு ஏறினால் உற்பத்தி ஏறியது என்றுதான் முதலில் படிக்க வேண்டும். ஆலைக்காரர் வால்வை மாற்றிக் கசிவை அடைத்திருந்தால், காரணி மாறாதவரை அது கோட்டில் தெரியாது.

பாரிஸ் ஒப்பந்தப்படி 2024 முதல் பெரும்பாலான நாடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே படிவத்தில் அறிக்கை தர வேண்டும், பெருக்கமும் எல்லாருக்கும் 28. இதனால் ஒப்பிடுவது நிச்சயம் எளிதாகும். கரித்தூள் ஆலையில் மிச்ச வாயு உண்மையில் எரிகிறதா என்ற தகவல் மட்டும் இன்னமும் ஆலையிலிருந்துதான் வர வேண்டும், அல்லது வெளிச் சாலையில் கருவியோடு ஒரு கார் போக வேண்டும்.