காந்தத்தில் ஒட்டாத மண்ணும் கண்ணிவெடி தேடும் கருவியை ஏமாற்றும்

நிலாவெளியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: பழைய வானொலிப்பெட்டியிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பிள்ளைகள் கடற்கரை மணலில் இழுத்தபோது கரிய துகள்கள் அதில் அப்பிக்கொண்டன, கன்னியாவில் வெந்நீரும் ஊறுவதால், திருகோணமலையில் முன்னொரு காலம் எரிமலை இருந்ததா?

இல்லை. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் ஊறுவது, பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிப் பூமியின் உள்வெப்பத்தால் சூடேறித் திரும்பும் நீரே. கரிய துகள்களோ பழைய உருமாறிய பாறைகள் சிதைந்து வந்தவை. அலைகள் இலேசான மணலை வாரிச் சென்றுவிட, பாரமானவை தங்கிவிட்டன. புல்மோட்டையில் பெருமளவிற் குவிந்துள்ள இல்மனைட் எனும் இரும்பு, தைத்தானியக் கனிமம் சாதாரண காந்தத்துக்கு எளிதில் மசியாது. பிள்ளைகளின் காந்தத்தில் முதலில் ஒட்டியது பெரும்பாலும் மக்னடைட் எனும் வலிய காந்த இரும்பு ஒட்சைட்டாகவே இருக்கும்.

எரிமலைப் பாறையிலிருந்து பிறந்த மண்ணைக் காண ஹவாய்த் தீவுகளுக்கோ, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு பரவிய தக்காணத்துக்கோ போகவேண்டும். அங்குள்ள பசால்ட் பாறையில் தைத்தானியம் கலந்த மக்னடைட் தொடக்கத்திலேயே உண்டு. மழை சிலிக்காவையும் கல்சியத்தையும் கரைத்துக்கொண்டு போக, இரும்பு எஞ்சி, ஹேமடைட், கோதைட், மக்கெமைட் ஆகிய ஒட்சைட்டுகளாக மாறுகிறது. மண்ணுக்குச் சிவப்பைத் தரும் ஹேமடைட்டில் அணுக்காந்தங்கள் அநேகமாக ஒன்றையொன்று இரத்துச் செய்துவிடுகின்றன. மக்கெமைட்டில் அவ்வாறு முழுமையாக நிகழாததால் அது வலிய காந்தமாகிறது.

என்னை மயக்குவது இந்த மக்கெமைட்டின் மிகச் சிறிய மணிகளே. ஏறத்தாழ 20 நானோமீற்றர் விட்டமுள்ள மணியொன்றின் காந்தத்திசையை அறைவெப்பநிலையின் சலனமே ஒரு செக்கனின் சிறு பின்னத்துக்குள் புரட்டிவிடும். 30 நானோமீற்றரை நெருங்கினால் அதே புரளலுக்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க நேரலாம். பருமன் சற்றே கூடினாலும் காத்திருக்கும் நேரம் அடுக்கேறிப் பெருகும் என்பதை 1949இல் விளக்கியவர், 1970இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரெஞ்சு அறிஞர் லூயி நீல். மண்ணில் எல்லாப் பருமன் மணிகளும் கலந்திருப்பதால், புறக்காந்தப்புலம் நின்ற பின்னரும் சில உடனேயும் சில தாமதித்தும் தம் திசையைக் கைவிடுகின்றன.

கண்ணிவெடி தேடும் கருவிகளுள் ஒருவகை இந்தத் தாமதத்தில்தான் ஏமாறுகிறது. அது காந்தத் துடிப்பொன்றை அனுப்பி நிறுத்திவிட்டு, சில மைக்கிரோசெக்கன்கள் கழித்து, உலோகத்தில் எழுந்த சுழிப்போட்டம், அதாவது சுழலும் மின்னோட்டம், தேய்வதற்குச் செவிகொடுக்கிறது. தாமதித்துப் புரளும் மணிகளும் அதே வேளையில் குரல் கொடுப்பதால், வெறும் மண்ணுக்கே கருவி அலறும். பெரிய மக்னடைட் மணிகளுக்கு இந்தத் தாமதம் இல்லை. ஆகவே காந்தத்தில் கொத்தாக ஒட்டும் கடற்கரை மணல் அமைதியாக இருக்க, காந்தத்தை அசட்டை செய்யும் செம்மண் தொல்லை தரக்கூடும்.

மண்ணின் காந்த ஏற்புத்திறனை, அதாவது புறக்காந்தப்புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அப்புலம் மாறும் இரண்டு அதிர்வெண்களில் அளந்தால், அவற்றின் வேறுபாடே நுண்மணிகளின் பங்கைக் காட்டிவிடும். போரின் பின்னர் ஆண்டுக்கணக்காக வெடி அகற்றப்பட்ட வடக்கு, கிழக்கு மண்ணுக்கு இவ்வளவீட்டைக் கொண்ட வரைபடமொன்றை வரைவது, பல பெரிய ஆய்வுத் திட்டங்களைவிட மலிவானதும் பயனுள்ளதும் என்பது என் கருத்து.

எரிமலை இல்லாத இடத்திலும் இம்மணிகள் தோன்றலாம். சேனைக்காகக் காடு எரிக்கப்படும்போது, மஞ்சட்கபில நிறக் கோதைட் சருகுகளோடு சேர்ந்து வேகி மக்கெமைட்டாகிறது. ஆசிரியை விரும்பினால், பொடித்த மஞ்சட்கபிலக் கிறவலைக் காய்ந்த இலைகளோடு இறுக்காமல் மூடிய தகரப் பேணியில் இட்டு, வெளியிடத்து அடுப்பில் நன்கு சூடாக்கி, ஆறியபின் அதே வானொலிக் காந்தத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.