பன்றி கொடுத்து முடிக்கும் போர்

பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் எங்கா என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே இரண்டு குலங்கள் மோதி, ஆட்கள் செத்து, ஒருவழியாகச் சமாதானம் ஆகும் நாளில் திறந்த வெளியில் முளைக்குச்சிகளை வரிசையாக அடித்துப் பன்றிகளைக் கட்டுவார்கள். பெரியவர்கள் நீண்ட நேரம் பேசுவார்கள். அப்புறம் பன்றிகள் கைமாறும். இப்போது பணமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

உயிருக்கு விலை பேசுகிறார்களே என்றுதான் வெளியாருக்குத் தோன்றும். அது விலை இல்லை என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர் பாலி வீஸ்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1970களில் கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த மக்களிடம் பாசிமணி, அம்பு போன்ற சின்னச் சின்ன அன்பளிப்புகளை ஆராய்ந்தவர் இவர். தன் பகுதியில் மழை பொய்த்தால், அன்பளிப்பால் உறவான இன்னொருவர் பகுதிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். அதாவது, கொடுத்து வைப்பது அங்கே ஒரு காப்பீடு. அந்தக் கண்ணோடு 1980களின் நடுவில் எங்காவுக்கு வந்தவர், சண்டைக்குப் பின்னாலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருப்பதைக் கவனித்தார்.

எங்கா ஆய்வாளர் அகீ துமுவுடன் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட பழங்குடிகளின் வாய்மொழி வரலாறுகளைச் சேகரித்தார். கதை சர்க்கரைவள்ளிக் கிழங்கில் தொடங்குகிறது. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தக் கிழங்கு சுமார் 250 முதல் 400 ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலைகளை எட்டியது. குளிரான உயரங்களிலும் நன்றாக விளைந்தது. மனிதர் தின்றது போக மிச்சத்தைப் பன்றிகள் தின்றன. மக்கள்தொகை பெருகியது, பன்றிகளும் பெருகின. பல குலங்களைச் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு ஓடும் பெரிய பரிமாற்றச் சுற்றுகள் உருவாயின.

நம்மூர் மொய் நோட்டு தெரிந்தவர்களுக்கு இது புரியும். இன்று வாங்கியதை நாளை சற்றுக் கூட்டித் திருப்ப வேண்டும், கணக்கு ஒருபோதும் முழுசாக முடியாது, முடியாத வரைக்கும் உறவு இருக்கும். எங்காவில் போரும் இந்தக் கணக்குக்குள்தான் வந்தது. ஒரு குலம் அவமதிக்கப்பட்டால் தன் பலத்தைக் காட்டச் சண்டை போடும். சில பேர் இறந்து, இரு பக்கமும் சமம் என்று ஆனதும் பெரியவர்கள் உள்ளே புகுவார்கள். உதவிக்கு வந்து ஆள் இழந்த கூட்டாளிக் குலங்களுக்கும், பிறகு எதிரிக்கும் ஈடு கொடுக்கப்படும். ஒவ்வொரு வீடும் பன்றி தர வேண்டியிருப்பதால், சண்டையின் செலவு எல்லோர் தலையிலும் விழும். பன்றிகளை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆண்கள் போட்ட சண்டையின் பில் அவர்கள் உழைப்பிலிருந்துதான் போகிறது.

1990 வாக்கில் வில் அம்பின் இடத்துக்குத் துப்பாக்கி வந்தது. முதலில் நாட்டுத் துப்பாக்கிகள், பிறகு எம்-16 போன்ற ராணுவத் துப்பாக்கிகள். வில் சண்டைக்கு நிறைய ஆட்கள் வேண்டும், அவர்களை வழிநடத்த அனுபவசாலிகள் வேண்டும். துப்பாக்கிக்கு நாலு இளைஞர்கள் போதும். பெரியவர்களின் பிடி தளர்ந்தது, கூலிக்குச் சுடுகிறவர்கள் கிளம்பினார்கள். இதைவிட முக்கியமானது ஓர் எளிய கணக்கு: மூன்று நாலு பேர் இறந்தால் ஒரு குலத்தால் ஈடு கட்ட முடியும். ஒரே சண்டையில் இருபது பேர் இறந்தால் அத்தனை பன்றிக்கு எங்கே போவது? ஈடு கட்டாத சாவு அடுத்த சண்டைக்குக் காரணமாகும். முன்பு சண்டையை முடித்த அதே முறை, கட்ட முடியாத பாக்கிகளால் சண்டையை நீட்டிக்கத் தொடங்கியது.

2012-ல் வீஸ்னரும் எங்காவைச் சேர்ந்த வழக்கறிஞர் நிட்சே புப்புவும் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 501 போர்கள், 129 வழக்காற்று நீதிமன்ற அமர்வுகள் பற்றிய தரவு அதில் இருக்கிறது. தோட்டங்களும் பள்ளிகளும் அழிந்து சலித்துப்போன மக்களே தலைவர்களிடம் சமாதானம் கேட்டார்கள் என்கிறது ஆய்வு. தேவாலயங்களும் கூடவே நின்றன. கிராம நீதிமன்றங்கள் திறந்த வெளியில், ஊர் முழுக்கக் கேட்க நடந்தன. சாட்சிகள் பேசினார்கள், பார்க்க வந்தவர்களும் பேசினார்கள். யாரைத் தண்டிப்பது என்பதைவிட, இவர்கள் நாளைக்கும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வது எப்படி என்பதே கேள்வியாக இருந்தது. தகராறு போராக முற்றுவதற்கு முன்பே ஈட்டைப் பேசி முடித்தார்கள். 2005-க்குப் பிறகு சாவுகள் குறைந்தன.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, புது நிறுவனம் எதையும் அது பெரிய தீர்வாக முன்வைக்காததுதான். பழைய முறையே புதிய ஆயுதத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டது. ஆனால் கொன்றவன் தனியாகப் பொறுப்பேற்காமல் குலமே சுமக்கும் நீதி எனக்கு இன்னும் நெருடுகிறது.

அந்தச் சமாதானமும் உறுதியாக நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் எங்காவில் நடந்த ஒரு மோதலில் மட்டும் டஜன் கணக்கானவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிகள் போய்விடவில்லை, கூலிக்கு வருபவர்களும்தான். உள்ளூரில் பெண் எடுக்காத, பன்றி வாங்காத, யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேண்டியில்லாத ஒருவனை இந்த முறையால் எதைச் சொல்லிக் கட்டுப்படுத்த முடியும் என்பதுதான் இப்போது எங்காவின் கிராம நீதிபதிகள் முன் இருக்கும் சிக்கல்.