டூயல் டிகிரி: பட்டத்தில் யார் கையெழுத்து?

மாங்காய் சீசன் ஓயும் நேரத்தில்தான் எங்கள் வங்கியின் கிருஷ்ணகிரிக் கிளையில் கல்விக்கடன் கூட்டம் சேரும். அப்படி ஒரு நாள் போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனாரும் மகளும் வந்தார்கள். மேஜையில் இரண்டு தாள்களை வைத்தார்கள். ஒன்று, கவுன்சிலிங்கில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தில் கிடைத்த எலெக்ட்ரானிக்ஸ் சீட். இன்னொன்று, ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பளபளப்பான கையேடு. இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் வெளிநாட்டில், முடிவில் இரண்டு பட்டம்.

“ரெண்டு டிகிரி இருந்தா வேலை தேடி வரும்னு எங்க மச்சான் சொல்றாரு சார்” என்றார் அப்பா.

மச்சான்கள் சொல்வதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை. ஆனால் ‘டூயல் டிகிரி’ என்ற பெயரில் பல சரக்கு ஓடுகிறது. ஐஐடிகளில் ஐந்து வருடத்தில் பி.டெக்.கும் எம்.டெக்.கும் முடிப்பதற்கும் அதே பெயர்தான். ஒரே சமயத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொன்னதையும் அப்படியே அழைக்கிறார்கள். வெளிநாட்டோடு சேர்ந்து நடத்துவது வேறு. அதற்கென்று 2022 மே மாதம் தனி விதிமுறை வந்தது. அதிலும் மூன்று வகை. ட்வின்னிங் என்றால் வெளிநாட்டில் கொஞ்ச காலம் படித்தாலும் பட்டம் தருவது இந்தியப் பல்கலைக்கழகம்தான். ஜாயின்ட் என்றால் இரண்டு முத்திரையும் உள்ள ஒரே சான்றிதழ். டூயல் என்றால் ஒரே படிப்புக்கு இருவரும் தனித்தனியாகப் பட்டம் தருவார்கள். குறைந்தது 30 சதவீத கிரெடிட்டை, அதாவது பாடங்களுக்கான மதிப்புப் புள்ளிகளை, இங்கே எடுத்திருக்க வேண்டும். கூட்டாளிப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 1000-க்குள் இருக்க வேண்டும். ஆன்லைன், தொலைதூரப் படிப்புக்கு இதில் இடமில்லை.

ஆகவே நான் முதலில் கேட்பது, பட்டத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதைத்தான்.

அப்புறம் பணம். அந்தப் பெண் கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எறும்பு எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். முன்பக்கத்தில் போட்டிருந்த கட்டணம் முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும். வெளிநாட்டுக் கட்டணம், விசா, தங்கும் செலவு எல்லாம் தனி, அதுவும் அன்றைய நாணய மதிப்பில். 2015-இல் டாலர் 65 ரூபாய் வாக்கில் இருந்தது. இப்போது 85-ஐத் தாண்டிவிட்டது. கடன் வாங்கிப் படிக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும், தூக்கம் போய்விடும்.

பொதுவாக ஏழரை லட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் கேட்போம். இவர் வீட்டில் இருந்தது மாந்தோப்பு. கூட்டுப் பட்டா, பாகம் பிரிக்கவில்லை, தம்பிகள் இருவரும் ஓசூரில். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் அடமானம். “போடுவாங்க சார்” என்றவரின் குரல் இறங்கிவிட்டது. வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். அதற்கான கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால் கிடையாது. இதை அவருக்கு யாருமே சொல்லவில்லை.

வெளிநாட்டுக் கூட்டுப் படிப்பே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். ஓசூரில் ஒரு குடும்பம், கையில் சேமிப்பு இருந்தது, பையன் போனான், இரண்டு பட்டமும் வந்தது. அவர்கள் சேரும் முன்பே இரண்டு பல்கலைக்கழகமும் போட்ட ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, அது எந்த வருடம் வரை என்று பார்த்திருந்தார்கள். விசா கிடைக்காவிட்டால் எடுத்த கிரெடிட்டை வைத்து இங்கேயே முடிக்க என்ன வழி என்றும் எழுத்தில் வாங்கியிருந்தார்கள். படிப்பைத் தொடர முடியாதவர்களுக்கு வெளியேறும் வழி வைத்திருக்க வேண்டும் என்று விதிமுறையே சொல்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

இந்த இரண்டு கேள்வியையும் நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் அன்றே மெயில் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. அவள் மூன்றாம் வருடத்துக்குப் போக வேண்டிய தேதிக்கு நான்கு மாதம் முன்பே ஒப்பந்தம் முடிகிறது. ‘புதுப்பிக்கப்படும் என எதிர்பார்க்கிறோம்’. விசா கேள்விக்குப் பதிலே இல்லை.

அடுத்த வாரம் அப்பா மட்டும் வந்தார். குரோம்பேட்டை ஹாஸ்டலுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டார். பட்டா நகலைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.