எம்ஜிபி ஸ்டார்ட் ஆகவில்லையா? காயில் வாங்கும் முன் ஒரு டெஸ்ட் லைட் வாங்குங்கள்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வாசனையும் அடிக்கிறது, ஆனால் எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இது வரத்தான் செய்யும். வந்தவுடன் காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், பிளக் வயர் என்று பொறி தரும் பார்ட்ஸை மொத்தமாக ஆர்டர் போட்டு ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நான் இங்கிலாந்தில், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வேலை செய்யும் பட்டறையில் இருக்கிறேன். ரெக்கவரி வண்டியில் எங்களிடம் வந்து இறங்கும் எம்ஜிபிக்களில் நிறைய கார்களுக்கு முதலில் இருந்தது ஒரே ஒரு கோளாறு, அதன்மேல் புதுப் பார்ட்ஸ் கொண்டுவந்து சேர்த்தது இன்னொன்று.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் கட்டிய கார் இது. 1,798 சிசி எஞ்சின், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது), உள்ளே பாயிண்ட் (கரண்டைத் திறந்து மூடும் குட்டி ஸ்விட்ச்). அமெரிக்காவுக்குப் போன பிற்காலக் கார்களில்தான் கம்பெனியே எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டது. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. கரண்ட் சாவியிலிருந்து காயிலுக்கு வந்து, பாயிண்ட் வழியாக எர்த்துக்கு, அதாவது கார் உடம்புக்குப் போகிறது. பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலின் காந்தப்புலம் விழுந்து ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் ரோட்டார் வழியாகப் பிளக்குக்கு ஓடுகிறது. வழி ஒன்றுதான் என்பதால் எங்கே அறுந்திருக்கிறது என்று ஒரு டெஸ்ட் லைட்டை (வயரை எர்த்தில் மாட்டி முனையால் தொட்டால், கரண்ட் இருக்கும் இடத்தில் எரியும் குட்டி பல்ப்) வைத்தே பிடித்துவிடலாம்.

முதலில் சாவியைப் போட்டுக் காது கொடுங்கள். பின்னால் இருக்கும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டக் டக் என்று அடித்துவிட்டு நின்றால் பெட்ரோல் வருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அப்புறம் காயிலின் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கழற்றி, இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து, எஞ்சின் இரும்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். எங்கேயாவது பெட்ரோல் கசிந்திருந்தால் அதைத் துடைத்து, காற்றாட விட்ட பிறகுதான் இந்தச் சோதனை. வெறும் கையால் வயரைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

நீல நிறத்தில் பலமான பொறி பாய்ந்தால் காயில் வரை எல்லாம் சரி, கோளாறு ரோட்டாரிலோ மூடியிலோ பிளக் வயரிலோ இருக்கிறது. பொறியே இல்லை என்றால் டெஸ்ட் லைட்டை எடுங்கள். சாவி போட்டதும் காயிலின் வெள்ளை வயர் முனையில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் சாவி ஸ்விட்ச், கனெக்டர் பக்கம் போங்கள். 1964 கடைசிக்குப் பிறகு வந்த 1960களின் கார்களில் டாக்கோமீட்டரையும் (எஞ்சின் சுற்று வேகம் காட்டும் மீட்டர்) பாருங்கள், ஏனென்றால் காயிலுக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது, அதன் பின்னால் ஒரு இணைப்பு தளர்ந்தாலே எஞ்சின் செத்துவிடும்.

அடுத்து காயிலின் இன்னொரு முனை, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர். செல்ஃப் அடிக்கும்போது இங்கே விளக்கு மின்னி மின்னி எரிய வேண்டும். எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் வழியாகக் கரண்ட் எர்த்துக்குப் போகவில்லை: பாயிண்டில் துரு, அல்லது உள்ளே இருக்கும் வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் அந்த வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு, காயிலின் அதே முனையை மறுபடி தொட்டுப் பாருங்கள். இப்போது எரிந்தால் காயில் வழியாகக் கரண்ட் வருகிறது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் திறக்காமல் இருக்கிறது அல்லது ஏதோ எர்த் ஆகிறது. புதுப் பாயிண்ட் போடும்போது பிளாஸ்டிக் வாஷரை இடம் மாற்றிப் போட்டால் இதுதான் நடக்கும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், குளிர்காலம் முழுக்க நின்ற காரில் பாயிண்டின் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் அந்த மெல்லிய வயரைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். பொறி வரும் நேரத்தை மாற்றிக் கொடுக்கும் வேக்வம் அட்வான்ஸ் தட்டு முன்னும் பின்னும் அசைய அசைய உள்ளே கம்பி அறுந்துவிடும், மேலே இன்சுலேஷன் புதுசு போலவே இருக்கும். விரலால் மெதுவாக இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே கம்பி இல்லை. தட்டுக்கு எர்த் கொடுக்கும் குட்டி வயரையும் அப்படியே சோதியுங்கள்.

சமீபத்தில் வந்த ஒரு எம்ஜிபி ஜிடியில் (நிலையான கூரை உள்ள எம்ஜிபி) காயில் வயரில் அருமையான பொறி, பிளக்கில் ஒன்றுமே இல்லை. உரிமையாளர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருந்தார். மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, காயில் வயரை ரோட்டாரின் பித்தளைக்கு அருகில் பிடித்து, பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவரால் பாயிண்டை நெம்பி நெம்பித் திறந்தேன். ஒவ்வொரு முறையும் பித்தளைக்குப் பொறி பாய்ந்தது. நல்ல ரோட்டாரில் அப்படிப் பாயாது, போக வேறு வழி இல்லையே. கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. பித்தளையைப் பிடித்திருக்கும் ரிவெட் உள்ளே நீளமாக இறங்கி, ஷாஃப்டுக்கும் அதற்கும் நடுவில் பிளாஸ்டிக் மெலிந்து, கரண்ட் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. பழைய ரோட்டார் அவருடைய டேஷ்போர்டு பெட்டியிலேயே கிடந்தது. அதைப் போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் இருந்த கோளாறு துருப்பிடித்த பாயிண்ட்தான். அதைப் புதுப் பாயிண்டே சரிசெய்துவிட்டது, ஆனால் கூடவே போட்ட ரோட்டார் அது தெரியாதபடி மறைத்துவிட்டது. ரிவெட் இல்லாத ரோட்டார் கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள். பாயிண்ட் முகம் கருகாமல் காக்கும் கண்டன்சரும் இதே கதைதான், இன்றைக்குப் புதிதாக வருவதில் பல சூடானதும் செத்துவிடுகின்றன. அதனால் ஒரு நேரத்தில் ஒரு பார்ட் மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் செல்ஃப் அடித்துப் பாருங்கள்.

காயிலைக் குற்றம் சொல்லும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் காயிலின் பிரைமரி (இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவில் உள்ள சுற்று) சுமார் 3 ஓம். ரப்பர் பம்பர் வந்த பிறகான கார்களில் வயரிங்கிலேயே ரெசிஸ்டன்ஸ் வயர் இருப்பதால் காயில் சுமார் 1.5 ஓம், பாயிண்ட் மூடியிருக்கும்போது அங்கே 6 வோல்ட் அளவில்தான் காட்டும். அது கோளாறு இல்லை. ஒன்றின் காயிலை இன்னொன்றில் போட்டால் பொறி பலவீனமாகும், அல்லது காயில் கொதிக்கும். சோதனையின்போது சாவியை நீண்ட நேரம் போட்டே வைத்தாலும் காயில் சூடேறும்.

பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கிட் போட்டுவிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் எர்த் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். 1967 கடைசியில் மார்க் 2 வருவதற்கு முந்தைய கார்கள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை கார் உடம்போடு இணைந்திருக்கும்), மாற்றிக் கொடுத்தால் கிட் அங்கேயே போய்விடும். கழற்றிய பாயிண்ட், கண்டன்சர், ரோட்டாரைத் தட்டோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள், கூடவே இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ். கிட் நடுரோட்டில் போனால் அதைப் பழுது பார்க்க முடியாது, பழைய தட்டை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.