படம் வேண்டாம், நட்சத்திரம் மறைந்தால் போதும்

அறிவியல் புனைகதை எழுதும் நண்பர்களின் கதைகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. விஞ்ஞானி தொலைநோக்கியில் கண்ணை வைக்கிறார், சூரியக் குடும்பத்தின் கடைக்கோடியில் மிதக்கும் ஏதோ ஒன்று பளிச்சென்று தெரிகிறது, அதன் மேல் கோபுரம், கதவு, சில கதைகளில் எழுத்துகூட. நடக்காது. பூமியின் காற்றுக்கு அடியிலிருந்து பார்த்தால், நல்ல இரவிலும் ஒரு ஆர்க் செகண்டுக்குள் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) இருப்பதெல்லாம் கலங்கிப் போகும். யுரேனஸ் இருக்கும் தூரத்தில் ஒரு ஆர்க் செகண்ட் என்பது சுமார் 13,000 கி.மீ. நம்ம பூமியையே அங்கே கொண்டுபோய் வைத்தாலும் கலங்கிய ஒரு பொட்டாகத்தான் தெரியும்.

ஆனால் அதே தூரத்தில், சில கி.மீ. அகலமே உள்ள வளையங்களை 1977-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு அதைப் பதிவுசெய்த இடங்களில் ஒன்று நம்ம ஜவ்வாது மலை. கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கண்டுபிடிப்பு முறை கிடைக்காது என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். அப்போது வட ஆற்காடு மாவட்டம், இப்போது திருப்பத்தூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 12.5 டிகிரி என்பதால் தென் வானமும் நிறையத் தெரியும். வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம் இது. 1972-ல் இங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி வந்தது 1986-ல்தான், நம்ம கதைக்கு அது வேண்டாம்.

1977 மார்ச் 10 இரவு, நம்ம நேரப்படி நள்ளிரவு தாண்டி, எஸ்ஏஓ 158687 என்ற மங்கலான நட்சத்திரத்தின் முன்னால் யுரேனஸ் போக இருந்தது. நாசாவின் விமானம் ஒன்று 91 செ.மீ. தொலைநோக்கியோடு பெர்த்திலிருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கே போய்விட்டது. காவலூரில் வானியலாளர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியை மாட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அடிப்படை எளிது. நட்சத்திரம் ரொம்பத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வருகின்றன, அதனால் இடையில் இருக்கும் பொருளின் நிழல் ஏறத்தாழ அந்தப் பொருளின் அளவிலேயே பூமியில் விழும். யுரேனஸ் தன் பாதையில் நகர்கிறது, பூமியும் நகர்கிறது, இரண்டும் சேர்ந்து அன்றைக்கு நிழல் விநாடிக்குச் சுமார் 12 கி.மீ. வேகத்தில் ஓடியது. ஆக, நாம் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்து நட்சத்திரத்தின் பிரகாசத்தை விநாடிக்குப் பலமுறை அளந்தாலே, அந்தப் பொருளைக் குறுக்காக வருடியபடி போகிறோம். எட்டு விநாடி மங்கினால் தடுத்த பொருளின் அகலம் சுமார் 100 கி.மீ. படம் எதுவும் வேண்டாம், கடிகாரம் போதும். காட்பாடியில் இரவில் கூட்ஸ் வண்டி போகும்போது எதிர் பிளாட்பாரத்து விளக்கு விட்டுவிட்டுத் தெரிவதை வைத்தே பெட்டிகளை எண்ணிவிடலாம் இல்லையா, அதே கணக்குதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நட்சத்திரத்தைவிட யுரேனஸ் பல மடங்கு பிரகாசம், அந்த வெளிச்சத்தில் நட்சத்திரம் அணைவது எப்படித் தெரியும்? யுரேனஸின் வளிமண்டலத்தில் மீத்தேன் இருக்கிறது, சிவப்பையும் தாண்டிய சில அலைநீளங்களில் அது சூரிய ஒளியை விழுங்கிவிடும். அந்த அலைநீளத்தில் பார்த்தால் கோள் இருண்டுபோகும், நட்சத்திரம் தனியாக நிற்கும். விமானத்தில் செய்தது இந்த உத்திதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

கோள் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் மங்கியது. காவலூரிலும் மங்கியது. புதிய துணைக்கோள் என்று எண்ணி, பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அப்படியே நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு எழுதினார்கள். விமானத்தின் பதிவில் கோளுக்கு முன்னால் ஐந்து முறை, பின்னால் ஐந்து முறை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தூரங்களில். ஐந்து துணைக்கோள்கள் இந்தப் பக்கம், அதற்கு ஜோடியாக ஐந்து அந்தப் பக்கம் என்று வரிசையில் நிற்க வழியே இல்லை. அப்புறம் இன்னொன்று: சின்ன துணைக்கோளின் நிழல் அதன் அகலத்துக்குத்தான் விழும், ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளியிருக்கும் விமானத்திலும் காவலூரிலும் அதையே பார்க்க முடியாது. வளையத்தின் நிழலோ நீண்ட கோடு, எல்லோரையும் தாண்டித்தான் போகும். இப்படித்தான் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தன. வாயேஜர் 2 விண்கலம் அங்கே போய்ப் படம் எடுத்தது 1986 ஜனவரியில்.

உங்கள் கதையில் வரும் கோளுக்குக் காற்று இருக்கிறதா என்பதையும் இதே முறை சொல்லும். காற்றில்லாத பாறை என்றால் நட்சத்திரம் சட்டென்று அணையும். காற்று இருந்தால் மெல்ல மெல்ல மங்கும். காற்று ஒளியை விழுங்குவதால் வரும் மங்கல் இல்லை இது, கதிர்கள் வளைந்து விரிந்து பரவுவதால் வருவது. புளூட்டோவின் காற்று 1988-ல் இப்படித்தான் உறுதியானது, அதன் அழுத்தம் நம்ம காற்றில் லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் ஜாக்கிரதை: 1972-ல் காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் பார்த்து அதற்குக் காற்று உண்டு என்றார்கள், பிறகு வாயேஜர் போய்ப் பார்த்ததில் அந்த அளவுக்கு இல்லை, அதைவிட மிக மிக மெல்லியதுதான் என்று ஆனது. காவலூரின் சாதனை என்று இதை எழுதுகிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுசாகச் சொன்னாலும் காவலூருக்கு ஒரு குறையும் இல்லை.

சனிக்கும் யுரேனஸுக்கும் இடையில் சுற்றும், சுமார் 250 கி.மீ. விட்டமே உள்ள சாரிக்லோ என்ற சிறு பொருளுக்கு இரண்டு வளையங்கள் இருப்பது இதே முறையில்தான் 2013-ல் தெரிந்தது. நெப்டியூனுக்கும் அப்பால் இருக்கும் அரோகோத் என்ற சிறு பொருள் இரண்டு உருண்டை ஒட்டிய வடிவம் என்பது, நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019-ல் அதை நெருங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பே அர்ஜென்டினாவில் வரிசையாக நின்ற தொலைநோக்கிகளில் தெரிந்துவிட்டது.

சரி, இப்போது உங்கள் கதையில் வரும் விண்கப்பல். நீளம் 200 மீட்டர், கன்னங்கரேல், வெப்பத்தையும் எப்படியோ மறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யுரேனஸ் தூரத்தில் அது நின்றால் இந்த முறைக்கும் அகப்படாது, ஏனென்றால் ஒளி ஓரங்களில் வளைவதால் அவ்வளவு தூரத்து நிழல் ஒரு கி.மீ. அளவுக்குக் கலங்கிவிடும், நட்சத்திரத்தின் சொந்த அகலமும் அதோடு சேரும். தூரம் நூறில் ஒன்றானால் இந்தக் கலங்கல் பத்தில் ஒன்றாகும். நிலவின் தூரத்துக்கு வந்துவிட்டால் வெறும் பத்து மீட்டர்தான், கப்பலின் நிழல் ஓரளவு கூர்மையாகவே விழும்.

ஆனால் அந்த நிழல் 200 மீட்டர் பட்டை. நிலவைப் போலவே பூமியைச் சுற்றினால், பூமியின் சுழற்சியை விட்டுவிட்டுப் பார்த்தால், விநாடிக்குச் சுமார் ஒரு கி.மீ. வேகத்தில் ஓடும், ஐந்தில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். ஆம்பூரில் நட்சத்திரம் அணையும், வாணியம்பாடியில் அணையாது. நான் எழுதினால் வேலூர் கோட்டை மதிலில், நிழல் ஓடும் திசைக்குக் குறுக்கே, 20 மீட்டருக்கு ஒருவராகப் பத்துப் பேரை கேமராவோடு நிறுத்துவேன். ஒவ்வொருவருக்கும் நட்சத்திரம் அணைந்த நேரமும் திரும்பி வந்த நேரமும் கப்பலின் குறுக்கே ஒரு கோடு, பத்துக் கோடுகளையும் அடுக்கினால் வெளிவடிவம் வந்துவிடும். விநாடிக்கு ஐம்பது படமாவது எடுக்கும் கேமரா வேண்டும், எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் நேரம் பதிவாக வேண்டும். ஒருவருடைய கடிகாரம் பத்தில் ஒரு விநாடி பிந்தினாலும் அவருடைய கோடு 100 மீட்டர் தள்ளிப்போய், இல்லாத ஒரு கொம்பு கப்பலில் முளைத்துவிடும்.